சுவரை வைத்துத்தான் சித்திரம்

2024 மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், யூட்டா மாநிலத்தின் நடுவிலுள்ள மேன்டை என்னும் சிற்றூரில், காலணிகளின் மேல் வெள்ளை உறையை மாட்டிக்கொண்டு, பேச்சுக்குரலே எழாத ஒரு நீண்ட வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தேன். குன்றின் மேல் வெளிர்மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டு 1888இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட மார்மன் கிறிஸ்தவ சபையின் அந்த ஆலயம், புதுப்பிப்பு வேலைகளுக்காக மூடப்பட்டிருந்தது. மறுபிரதிஷ்டைக்கு முன்பு சில வாரங்கள் மட்டும் ஊரார் எல்லாரும் வந்து பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்தார்கள். பிரதிஷ்டை முடிந்துவிட்டால், சபையின் உறுப்பினர்களிலும் பரிந்துரைச் சீட்டு பெற்றவர்களே உள்ளே செல்லலாம். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. பல ஆண்டுகளாக அவர்களுக்கு நடுவே குடியிருப்பவள், ஓவியம் பார்ப்பதில் தீராத ஆசை உள்ளவள், அவ்வளவுதான். என்னைக் காரில் அழைத்துப் போனவர் எதிர்வீட்டுப் பெண்மணி. எழுபதைக் கடந்தவர், பிரசவ அறைச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பிறந்ததிலிருந்தே அந்தச் சபையில் இருப்பவர்.

நாங்கள் பார்க்கப் போனது ஒரு சுவரை. 'உலக அறை' என்று அவர்கள் அழைக்கும் உயரமான கூடத்தின் சுவர்கள் முழுவதையும் மினர்வா டைக்கர்ட் என்ற பெண் ஓவியர் 1947இல், 60 வயதை நெருங்கிய காலத்தில், ஒரு மாதத்துக்குள்ளாகவே வரைந்து நிரப்பியிருக்கிறார். பாபேல் கோபுரமும், ஆபிரகாமும், மோசேயும், கொலம்பஸும், கப்பலில் அமெரிக்கக் கரைக்கு வந்திறங்கிய யாத்திரிகர்களும் ஒரே மனித ஊர்வலத்தில் கலந்து நம்மைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அருகில் போய்ப் பார்த்தால் வண்ணம் மெல்லியதாக, பல இடங்களில் கழுவிவிட்டாற்போல் இருக்கிறது. சில உருவங்கள் நாலைந்து கோடுகளிலேயே நின்றுவிடுகின்றன. பின்னால் நகர்ந்ததும் அந்தக் கோடுகளே நடக்கத் தொடங்குகின்றன. அவசரமாக வரைந்ததன் அடையாளம் என்று இதைக் கருதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு எது போதும் என்று அறிந்த கை அது. எதிர்வீட்டுப் பெண்மணி என் காதருகே குனிந்து, தன் திருமண நாளன்று இந்த அறையில் உட்கார்ந்திருந்ததாகவும், பதற்றத்தில் சுவரிலிருந்த ஒரு முகத்தையே வெறித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். அந்த முகம் எங்கே என்று இருவரும் தேடினோம். வரிசை எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

இந்தச் சுவர் இல்லாமலே போயிருக்கும். 2021 மார்ச்சில் சபைத் தலைமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சால்ட் லேக் சிட்டியின் பெரிய ஆலயத்திலும் மேன்டை ஆலயத்திலும், ஒவ்வோர் அறையாக நகர்ந்து மனிதர்களே நேரில் நடத்திக்காட்டும் பழைய சடங்குமுறை நிறுத்தப்படும், பல மொழிகளில் திரையிடப்படும் படம் அதன் இடத்தைப் பிடிக்கும், சடங்குக்குப் பின்புலமாக இருந்த சுவரோவியங்கள் அகற்றப்படும். காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆங்கிலம் அறியாதவருக்கும் இடம் தர வேண்டும், நிலநடுக்கம் தாங்கும்படி கட்டடத்தை வலுப்படுத்த வேண்டும், கூடுதலான பேர் வந்துபோக வேண்டும். சால்ட் லேக் சுவரோவியங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தி, சில பகுதிகளை மட்டும் காப்பகத்தில் வைத்துவிட்டு, மற்றவற்றை எடுத்துவிட்டார்கள். தலைவர்களின் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசிப் பழக்கமில்லாத உறுப்பினர்கள் அந்த வசந்த காலத்தில் கடிதம் எழுதினார்கள், கண்ணீர் விட்டார்கள். அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் மேன்டை குறித்த முடிவு மாற்றப்பட்டது: டைக்கர்ட்டின் ஓவியம் அதே இடத்தில் இருக்கும், கூடுதல் தேவைக்காகச் சில மைல் தொலைவிலுள்ள எஃப்ரேம் என்ற ஊரில் புதிய ஆலயம் எழுப்பப்படும். ஒரு சமூகம் தன் ஓவியம் ஒன்றுக்காக இவ்வளவு துடித்ததை நான் நேரில் பார்த்தது அதுவே முதல் முறை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்ற பழமொழியை அந்த வாரங்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். உடல்நலத்துக்குச் சொல்லும் அந்தச் சொற்கள் இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டன.

மார்மன் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 முதல் சபைத் தலைமை அந்தப் பெயரை விரும்புவதில்லை. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப் பெயரையே கேட்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் சபை என்ற நிறுவனத்தைவிட அகன்ற ஒரு பண்பாடு, விசுவாசிகளும் விலகியவர்களும் சேர்ந்து வளர்த்த ஒன்று, இங்கே இருக்கிறது. அதற்கு வேறு பெயர் கிடைக்காததால் மார்மன் கலை என்றே எழுதுகிறேன். அந்தக் கலையின் தரத்தைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலானவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இனிப்பான முகங்கள், பொன்னிற ஒளி, மங்கலப் புன்னகை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். இந்த மக்களிடம் ஓவியர்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஓவியரை நம்பிச் சுவரைக் கையில் கொடுத்த காலங்களும், கொடுக்காத காலங்களும் மாறி மாறி வந்திருக்கின்றன என்பதே இத்தனை ஆண்டுகள் பார்த்ததில் எனக்குத் தெளிந்தது.

கொடுத்த காலத்தின் கதை 1890இல் இருக்கிறது. சால்ட் லேக் ஆலயத்தைக் கட்டத் தொடங்கி 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்வேலை முடியும் கட்டத்தில், உள் அறைகளுக்குப் படம் எழுத ஆள் வேண்டியிருந்தது. ஜான் ஹாஃபன் என்ற ஓவியர் சபைத் தலைமையை அணுகி, தங்களைப் பாரிஸுக்கு அனுப்பிக் கற்கச் செய்தால் திரும்பி வந்து ஆலயச் சுவர்களில் வரைந்து அந்தக் கடனைத் தீர்ப்போம் என்று கேட்டார். அந்த வேண்டுகோள் ஏற்கப்பட்டது. ஹாஃபன், லோரஸ் பிராட், ஜான் ஃபேர்பாங்க்ஸ் ஆகியோர் முதலிலும், எட்வின் எவன்ஸும் ஹெர்மன் ஹாக்கும் பின்னரும், மதப் பிரசாரகர்களுக்குச் செய்வதுபோல் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். பாலைவனத்தில் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாரிஸின் ஜூலியன் கலைப்பள்ளியில் ஆடையற்ற மாதிரிகளைப் பார்த்து வரையக் கற்றார்கள். ஊருக்கு வெளியே போய், திறந்த வயலின் ஒளியைப் படித்தார்கள். திரும்பி வந்து, 1893 ஏப்ரலில் நடந்த பிரதிஷ்டைக்குள் ஏதேன் தோட்ட அறையிலும் உலக அறையிலும் படம் எழுதினார்கள். அந்த நேரத்தில் சபை செல்வச் செழிப்பில் இல்லை. மத்திய அரசுடன் நடந்த நீண்ட போராட்டத்தில் சொத்துகளைப் பறிகொடுத்திருந்தது. அந்த நெருக்கடியிலும் ஓவியக் கல்விக்குப் பணம் ஒதுக்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு விம்முகிறது. 2021இல் எடுக்கப்பட்டவை அந்த அறைகளின் படங்கள். ஹாஃபன் வாழ்நாளின் பெரும்பகுதியை வறுமையில் கழித்தார். 1910இல் இண்டியானாவில், பெயர் பரவத் தொடங்கிய சமயத்தில் இறந்தார். அவர் ஸ்பிரிங்வில் ஊரின் பள்ளிக்கு 1903இல் கொடுத்த ஓவியம்தான், இன்று அந்த ஊரின் பெருமையாக நிற்கும் கலை அருங்காட்சியகத்துக்கு விதையானது.

பாரிஸ் பயணத்துக்கும் முந்தியது கிறிஸ்டென்சனின் துணிச்சுருள். கோபன்ஹேகனில் பிறந்து அங்குள்ள கலைக்கழகத்தில் பயின்ற சி. சி. ஏ. கிறிஸ்டென்சன், 1857இல் மனைவியோடு கைவண்டி இழுத்து யூட்டாவுக்கு நடந்தே வந்தவர். 1878 வாக்கில் தொடங்கி, தம் மக்கள் பட்ட பாட்டை 23 பெரிய படங்களாக வரைந்தார். அவற்றை ஒன்றோடொன்று தைத்து, ஏறத்தாழ 175 அடி நீளச் சுருளாக ஒரு கழியில் சுற்றி, மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ போகக்கூடிய ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோய், விளக்கொளியில் ஒவ்வொன்றாக உருட்டிக் காட்டிக் கதை சொன்னார். அவற்றில் 22 எஞ்சியிருக்கின்றன. மிசூரியில் 1838இல் ஹான் ஆலைக் குடியிருப்பில் நடந்த படுகொலையைக் காட்டும் படத்தின் முன் நின்றிருக்கிறேன். உடற்கூறு அளவுகள் பிசகியிருக்கின்றன. மனிதர்கள் மரப்பொம்மைகளைப் போல ஓடுகிறார்கள். ஆனால் துப்பாக்கிப் புகை எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஓடுகிறவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதை ஒரு கணத்தில் கண் பிடித்துக்கொள்கிறது. பட்டவர்களே பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்த கூடத்துக்காக வரைந்த படம் அது. பொய்க்கு அங்கே இடமில்லை. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1970இல் இந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகே, இவற்றைக் கலை என்று சொல்லலாம் என்ற துணிவு பலருக்கு வந்தது.

டைக்கர்ட்டின் வாழ்க்கையை நினைத்தால் பெருமையும் ஆற்றாமையும் சேர்ந்தே வருகின்றன. 1888இல் யூட்டாவில் பிறந்து, சிகாகோவிலும் நியூயார்க்கிலும் படித்து, ராபர்ட் ஹென்ரி என்ற பெரிய ஆசிரியரிடம் பயிற்சி பெற்றவர். உன் மக்களின் கதையை யாரேனும் முறையாக வரைந்திருக்கிறார்களா என்று ஹென்ரி கேட்டதும், நீயே செய் என்று தூண்டியதுமே தம் வாழ்க்கையின் திசையை முடிவு செய்ததாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு வயோமிங் மாநிலத்தின் கோக்வில் என்ற ஊரில் மாட்டுப் பண்ணை, கணவர், ஐந்து பிள்ளைகள், சமையல், பால் வேலை. பெரிய படங்களைத் தம் வீட்டின் முன்னறைச் சுவரிலேயே குத்திவைத்து வரைந்தார். அறை சிறியதாகையால் துணியை மடித்து மடித்துப் பகுதி பகுதியாக எழுத வேண்டியிருந்தது. முழுப் படத்தையும் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு இடமில்லாததால் தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். சபையின் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புஸ்தகத்தின் காட்சிகளை 40க்கும் மேற்பட்ட ஓவியங்களாக 1949 முதல் சில ஆண்டுகளில் வரைந்து, அச்சிட ஆள் தேடினார். யாரும் முன்வரவில்லை. அதற்கும் முன்பிருந்தே, சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் படங்களைக் கொடுத்து, அதற்கு ஈடாகத் தம் பிள்ளைகளுக்கும் உறவினர் பிள்ளைகளுக்கும் கல்விக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டார். 1976இல் அவர் இறந்தபோது, இந்த மக்களின் முதன்மையான ஓவியர் இறந்துவிட்டார் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

அவர் படங்களுக்குக் கிடைக்காத பக்கங்கள் வேறொருவருக்குக் கிடைத்தன. சபையின் சிறுவர் இதழுக்காக, அப்போது சிறுவர் அமைப்பின் தலைவியாக இருந்த அடேல் கேனன் ஹவல்ஸ் தம் நிலத்தை விற்றுப் பணம் திரட்டி, ஆர்னால்ட் ஃப்ரைபர்க்கிடம் 12 ஓவியங்களை வரையச் சொன்னார். அந்தப் பெண்மணியின் தியாகத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஃப்ரைபர்க்கின் திறமையும் சாதாரணமானதில்லை; சிசில் பி. டிமில்லின் திரைப்படத்துக்கு வேலை செய்தவர், கூட்டத்தையும் புயலையும் அடுக்கத் தெரிந்தவர். ஆனால் புயம் புடைத்த அந்த வீரர்கள் மார்மன் புஸ்தகப் பிரதிகளிலேயே அச்சாகி வீடுதோறும் போனபோது, தலைமுறைகளின் மனக்கண் அவர்களுக்கே பழகிவிட்டது. 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் சபை அரங்கு அமைத்தபோது இயேசுவின் வாழ்க்கையை வரைய அழைக்கப்பட்டவர் ஹாரி ஆண்டர்சன். அவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர். சபைக்கு அவர் மனமுவந்து பல படங்கள் வரைந்து கொடுத்தார், மார்மன் புஸ்தகக் காட்சிகளை மட்டும் வரைய மறுத்துவிட்டார். வீடுகளில் அதிகம் காணும் மற்ற முகங்கள் ஜெர்மானியரான ஹைன்ரிஷ் ஹோஃப்மானுடையவையும் டேனிஷ்காரரான கார்ல் ப்ளாக்குடையவையும். 2020 ஏப்ரலில் சபை தன் சின்னமாக அறிவித்த கிறிஸ்து உருவமும் கோபன்ஹேகன் லுத்தரன் தேவாலயத்தில் தோர்வால்ட்சன் செதுக்கியதுதான். பிறர் கலையை நேசிப்பது நல்ல குணம். ஆனால் கையருகில் டைக்கர்ட் இருக்கும்போது கண் எப்போதும் தூரத்துக்கே போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1960களில் தொடங்கிய ஒருங்கிணைப்புத் திட்டத்தின் கீழ், பாட நூல்களும் படங்களும் உலகெங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பாடத்துக்குத் துணையாக நிற்கும் படம் குழப்பம் தரக்கூடாது. பார்த்தவுடன் இன்னார், இன்ன நிகழ்ச்சி என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஓவியத்தின் மிகச் சிறிய பகுதியே போதும்.

டெல் பார்சன் 1983இல் வரைந்த, சிவப்பு அங்கி அணிந்த இயேசு, அந்த வேலையைச் செம்மையாகச் செய்யும் படம். எதிர்வீட்டுப் பெண்மணியின் முன்னறையில் அது தொங்குகிறது. அவருடைய கணவர் மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரங்களில், இரவு வீடு திரும்பி அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபின் அந்தப் படத்தை இகழ எனக்கு வாய் வரவில்லை. ஆறுதல் தந்த பொருளுக்கு உரிய மரியாதை அதற்கு உண்டு. ஆயினும் ஓவியமாக அதைப் பார்க்கும்போது, நிழற்படக் கூடத்தின் விளக்கு அந்த முகத்தில் விழுவதையும், தச்சருடைய கழுத்திலும் கன்னத்திலும் வெயில் படாததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020இல், வாராந்திர ஆராதனை நடக்கும் கட்டடங்களின் முன்கூடங்களில் கிறிஸ்துவின் படங்களே இடம்பெற வேண்டும் என்று வழிகாட்டி, அதற்காக 22 ஓவியங்களின் பட்டியலையும் தலைமை தந்தது. ஆராதனை நடக்கும் மண்டபத்துக்குள் படமே கிடையாது. அது, வழிபாட்டிடத்தில் படங்களை விலக்கிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களிடமிருந்து அவர்களுக்கு வந்த பழைய சொத்து. எனவே ஓர் உறுப்பினர் வாரந்தோறும் கடந்துபோகும் ஒரே பொதுச்சுவர் அந்த முன்கூடம்தான். அந்தச் சுவரை உலகெங்கும் 22 படங்களுக்குள் அடக்கிவிட்டால், புதிய ஓவியர் எங்கே போய் நிற்பார்?

இதில் எனக்கு மிகுந்த வேதனை தருவது வேறொன்று. கிறிஸ்தவ மரபுகளில் இவர்களுடைய போதனையைப் போல் ஓவியருக்கு உகந்த போதனை இன்னொன்று இல்லை என்றே நினைக்கிறேன். கடவுளுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள உடல் உண்டு என்று 1843இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் போதித்தார். ஆவியும் ஒரு பொருளே, அது மிக நுண்ணியது, தூய கண்களுக்கு மட்டுமே புலப்படுவது என்றும் அதே ஆண்டில் சொன்னார். படைப்பு என்பது இல்லாமையிலிருந்து உண்டாக்கியது இல்லை, ஏற்கெனவே இருந்த பொருளை ஒழுங்குபடுத்தியது. பொருள் நித்தியமானது, உடல் எடுப்பது தண்டனையாகாது, அது வரம். மண்ணையும் எண்ணெயையும் குழைத்து ஒழுங்குபடுத்தி முகம் உண்டாக்குகிறவருக்கு இதைவிட என்ன அங்கீகாரம் வேண்டும்? இந்தப் போதனையை உண்மையாக நம்பும் ஓவியத்தில் எலும்பின் கனம் தெரிய வேண்டும், தோல் வியர்க்க வேண்டும், தேவதூதருக்கும் எடை இருக்க வேண்டும். ஆனால் சந்தையில் விற்கும் படங்களில் உடல்கள் பனிமூட்டத்தில் கரைகின்றன. ஒளி எங்கிருந்தோ வந்து எல்லாவற்றையும் மழுப்பிவிடுகிறது. உடலைப் போற்றும் மதத்துக்கு உடலைப் பார்க்க அச்சம்.

அந்த அச்சத்துக்குச் சாட்சிகள் உண்டு. ரொடீசியாவில் பிறந்து, சபையில் சேர்ந்து, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ட்ரெவர் சதி, 1960களில் அங்கே 'கலையும் விசுவாசமும்' என்று பெயரிட்டு எழுந்த இளம் ஓவியர் குழுவில் ஒருவர். மனித உடலே தெய்வ சாயல் என்று நம்பி வரைந்தவர். சால்ட் லேக் விமான நிலையத்துக்காக அவர் வரைந்த, பறக்கும் ஆணும் பெண்ணும் கொண்ட ஓவியம், ஆடையில்லை என்ற எதிர்ப்பின் காரணமாக 1981இல் அங்கிருந்து அகற்றப்பட்டது. தாம் தற்பாலின ஈர்ப்பு உடையவர் என்று வெளிப்படுத்திய பின் சபைக்கும் அவருக்கும் இருந்த பந்தம் முறிந்தது, 2015இல் காலமானார். இன்னொன்று 1997இல் நடந்தது: அதே பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்துக்கு ரோடானின் சிற்பங்கள் வந்தபோது, 'முத்தம்' உட்பட நான்கு சிற்பங்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. யோவான் ஸ்நானகன் பிரசங்கிக்கும் சிற்பமும் அந்த நான்கில் ஒன்று. மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த மாணவர்களுக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். இன்றைய ஓவியர்கள் சிலரும், படம் வாங்குகிறவர்கள் பலரும் அந்தத் தலைமுறை. அதனால்தான் நான் நம்பிக்கை இழக்கவில்லை.

அந்த அருங்காட்சியகத்திலேயே நம்பிக்கைக்கு ஆதாரமும் இருக்கிறது. பிரையன் கெர்ஷிஸ்னிக் 2006இல் வரைந்த 'இயேசு பிறப்பு' 7 அடி உயரமும் 17 அடி நீளமும் கொண்டது. ஒரு டிசம்பரில் எதிர்வீட்டுப் பெண்மணியை நான் அழைத்துப்போனேன். வெண்ணிற உடையில் தேவதூதர்கள் ஓர் ஆறுபோல், படத்தின் ஓரத்திலிருந்து பெருகி வந்து குழந்தையின் மேல் குவிந்து, மறுபக்கம் திரும்பிப் போகிறார்கள். முதியவர்கள், இளைஞர்கள், அழுகிறவர்கள், ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்க்கிறவர்கள். மரியாள் பாலூட்டிக்கொண்டிருக்கிறாள். யோசேப்பு ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறார். என்ன நடந்துவிட்டது என்று இன்னும் பிடிபடாத தகப்பன். கீழே ஒரு நாய் தன் குட்டிகளோடு படுத்திருக்கிறது. அங்கிருக்கும் பூமிவாசிகளில் தேவதூதர்களைக் காண்பது அந்த நாய் மட்டுமே. எதிர்வீட்டுப் பெண்மணி இவற்றில் எதையும் முதலில் பார்க்கவில்லை. மரியாளின் பக்கத்தில் இரண்டு மருத்துவச்சிகள் பாத்திரத்துத் தண்ணீரில் கைகளைக் கழுவுகிறார்கள். அங்கே போய் நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்து, "எத்தனையோ ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் படம் பார்க்கிறேன், கை கழுவ வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை பாருங்கள்" என்றார். பிறகு, பிரசவம் முடிந்த அறையில் கை கழுவும் அந்த இரண்டு நிமிடங்கள்தான் தன் வேலையிலேயே தனக்குப் பிடித்த நேரம் என்றும், அப்போது யாரும் செவிலியரைப் பார்க்க மாட்டார்கள் என்றும் சொன்னார். பொருளும் ஆவியும் ஒன்றே என்ற போதனை அந்த ஓவியத்தில் இருக்கிறது. இரத்தத்தைக் கழுவும் கைக்கும் பாடி வரும் தூதருக்கும் அதே வண்ணம், அதே எடை.

எதிர்காலம் என்ற சொல்லைச் சொன்னதும் சிலர் 1977இல் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் எழுதியதை நினைவூட்டுவார்கள்: இந்த மக்களிடமிருந்து மாபெரும் கலைஞர்கள் எழ வேண்டும் என்ற ஆவல் அதில் ததும்பும். அதற்கு ஓர் ஆண்டு முன்பு, மூத்த தலைவரான பாய்ட் பேக்கர் கலைஞர்களை நோக்கி, கலையை விசுவாசத்துக்கு மேலே வைக்காதீர்கள் என்று எச்சரித்திருந்தார். அவரே பறவைகளை மரத்தில் செதுக்கும் கை படைத்தவர். தூண்டுதலும் கடிவாளமும் ஒரே வீட்டிலிருந்தே வந்தன. என் கணிப்பில், தலைமையின் உரைகளைவிடச் சந்தையே இளம் ஓவியரை ஆட்டிப்படைக்கிறது. கிறிஸ்துவின் படத்தைத் துணியில் அச்சிட்டுச் சட்டமிட்டு ஆயிரக்கணக்கில் விற்கும் கடைகள் இங்கே உண்டு. திருமணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் பரிசாகப் படம் கொடுக்கும் வழக்கமும் உண்டு. மதப் படத்தை வரைந்தே குடும்பம் நடத்தலாம் என்ற வாய்ப்பு இன்றைய அமெரிக்காவில் வேறெந்த ஓவியருக்கும் எளிதில் வாய்க்காது. அது பெரிய பேறு. அதே வாய்ப்பு, விற்ற முகத்தையே மறுபடி வரையச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறது.

மாற்றம் விளிம்புகளிலிருந்து வருகிறது. சபையின் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்கிறார்கள். சால்ட் லேக் சிட்டியிலுள்ள சபை வரலாற்று அருங்காட்சியகம் 1987இல் தொடங்கிய பன்னாட்டு ஓவியப் போட்டி வழியே, பாத்திக் துணியிலும் மரச்செதுக்கிலும் ஒட்டுத்துணி வேலையிலும் மார்மன் புஸ்தகத்தின் ஜீவமரம் பழுத்துத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அர்ஜென்டினாவில் 1936இல் பிறந்த ஹோர்ஹே கோக்கோ, நற்செய்திக் காட்சிகளைக் கோணங்களாகவும் ஒளிப்பட்டைகளாகவும் உடைத்து வரைகிறார். முகங்களில் கண்ணும் மூக்கும் இல்லை, இருந்தும் யார் பேதுரு, யார் தோமா என்று உடல் வளைவிலேயே தெரிகிறது. அவருடைய படங்களைச் சபையின் அருங்காட்சியகமே காட்சிக்கு வைத்தது என்பது சிறிய செய்தி இல்லை. ரோஸ் டாடோக் டால், ஜே. கர்க் ரிச்சர்ட்ஸ், கேட்லின் கானலி என்று அடுத்த வரிசை நீளுகிறது. பரலோகத் தாய் ஒருத்தி உண்டு என்பது இவர்களுடைய போதனை; அவளை வரையத் துணிந்த பெண் ஓவியர்கள் இப்போது பலர். எங்கள் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. பெங்களூருக்கு ஓர் ஆலயம் 2018இல் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் கட்டடப் பணி தொடங்கியது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இச்சபையில் கூடும் தமிழ்க் குடும்பங்களுக்கு எட்டும் தொலைவில் வரும் ஆலயம் அதுவே. அதன் சுவர்களில் தக்காணத்துப் பாறையையும் ஏரியையும் அங்குள்ள வெயிலில் வளர்ந்த ஒருவர் எழுத வேண்டும் என்பது என் ஆசை. 1890இல் பாலைவனத்துக் குடியானவர்களைப் பாரிஸுக்கு அனுப்பத் துணிந்த சபைக்கு, 2020களில் பெங்களூர்க் கலைக்கல்லூரி மாணவியை நம்புவது கடினமாக இருக்கக்கூடாது.

சென்ற குளிர்காலத்தில், ஸ்பிரிங்வில் அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சமய ஓவியக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்த சில நாட்களில், எதிர்வீட்டுப் பெண்மணி ஒரு கல்லூரி மாணவியிடமிருந்து சிறிய ஓவியம் ஒன்றை விலைக்கு வாங்கினார். கிணற்றடியில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். இருவர் முகமும் நமக்குத் தெரியவில்லை. இதில் யார் மார்த்தாள், யார் மரியாள் என்று அவருடைய மகன் கேட்டாராம். தெரியாது, தினமும் பார்த்தால் தெரியவரும் என்று பதில் சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, சிவப்பு அங்கிப் படத்தை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இன்னோர் ஆணி அடிக்கச் சொன்னார். இங்கே வீட்டுச் சுவர்கள் உள்ளே வெறும் பொள்ளல். மரச்சட்டம் இருக்கும் இடம் பார்த்து அடிக்காவிட்டால் ஆணி நிற்காது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சத்தம் கனமாக மாறியது. "அங்கேதான்" என்றார் அவர், சுத்தியலை நீட்டியபடி.